பழைய வெபர் கெட்டில் கிரில்லும் பச்சைப் பட்டை போட்ட போர்பன் விஸ்கியும் கைக்கு வந்திருக்கு. வயசு எப்படிப் பார்ப்பது? தொடலாமா, வேண்டாமா?

வடசிகாகோ_பாண்டி

வணக்கம் மக்களே. பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டை வித்துட்டு அரிசோனாவுல மகள் வீட்டோட போறார். கராஜைக் காலி பண்ணும்போது, எங்க வீட்டுப் பின்னாடி எப்பவும் புகை வர்றதைப் பார்த்துட்டோ என்னவோ, என்னைக் கூப்பிட்டு ரெண்டு சாமான் சும்மாவே கொடுத்துட்டார்.

ஒண்ணு, சிவப்பு வெபர் கெட்டில், மூடி போட்ட கரி அடுப்பு. 22 அங்குலம் இருக்கும். மரக் கைப்பிடி, மூணு கால், அடியில தொங்குற சாம்பல் தட்டு. கிண்ணத்துக்கு அடியில மூணு வென்ட் (காத்து போற ஓட்டை), மூணுக்கும் தனித்தனியா ஒரு நெம்புகோல். மூடிக்கு உள்பக்கம் பெயின்ட் செதில் செதிலா உரியுது.

இன்னொண்ணு, ஒரு அட்டைப் பெட்டி. அதுல திறக்காத மூணு பாட்டில். முதல் போர்பன்ல கழுத்துக்கு மேல பச்சைக் காகிதப் பட்டை, லேபிள்ல “4/5 குவார்ட்” அப்படின்னு போட்டிருக்கு. ரெண்டாவதுல சிவப்புப் பட்டை, 750 மில்லி. மூணாவது ஜிம் பீம் பீங்கான் டிகான்டர்.

என் வீட்டம்மா கிரில்லுக்குக் கறுப்பு ஸ்ப்ரே அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்ங்கிறாங்க. ஆபீஸ்ல ஒருத்தர் எல்லாத்தையும் வித்துடுங்கிறார். இதெல்லாம் எந்தக் காலத்துச் சரக்கு, என்ன செய்யலாம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சிகாகோ_சித்தப்பா

பாண்டி, முதலில் அந்த ஸ்ப்ரே டப்பாவை ஒளித்து வையுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் இருப்பதே அந்த அடுப்பு பிறந்த பேட்டையில். சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்று ஒரு தகரப் பட்டறை இருந்தது. ஏரியில் மிதக்கும் மிதவைகளுக்கு அரைக்கோளம் அரைக்கோளமாக இரும்பை அழுத்தி எடுப்பது அங்கே ஒரு வேலை. அங்கு வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவருக்குத் தன் வீட்டுத் திறந்த அடுப்போடு ஓயாத சண்டை. காற்றடித்தால் சாம்பல் கறியில், மழை பெய்தால் நெருப்பு போச்சு. 1952இல் மிதவைப் பாதியை எடுத்துக் கால் வைத்து, இன்னொரு பாதியை மூடியாகக் கவிழ்த்தார். முதல் தடவை மூடியதும் நெருப்பு அணைந்துவிட்டதாகவும், ஓட்டை போடச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர் என்றும் கதை உண்டு. அந்த ஓட்டைகள்தான் இன்றைய வென்ட். அந்த வடிவத்துக்கு ‘ஸ்புட்னிக்’ என்று பட்டப்பெயர் பிறகு வந்தது. ரஷ்யாவின் செயற்கைக்கோள் 1957இல்தானே மேலே போனது.

வயதுக்கு வருவோம். 1979இலிருந்து வென்ட் தகட்டில் ஓர் எழுத்துக் குறி அடித்தார்கள். ‘ஏ’ என்றால் 1979, ‘பி’ என்றால் 1980. ஆரம்பத்தில் கிண்ணத்தின் வென்டில் இருக்கும், பிற்பாடு மூடியின் வென்டுக்குப் போய்விட்டது. அதனால் இரண்டு இடத்திலும் துடைத்துப் பாருங்கள். எங்குமே எழுத்து இல்லையென்றால் அதற்கு முந்தையது. மூன்று வென்டுக்கும் தனித்தனி நெம்புகோல் என்பதும் அதற்கு ஒத்துப்போகிறது. ஒரே நெம்புகோலை இழுத்தால் மூன்றும் திறந்து சாம்பலையும் வழித்துத் தள்ளும் ஏற்பாடு 80-களில் வந்தது.

சிவப்பு என்பதற்காக அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். சிவப்பைப் பல வருடம் போட்டார்கள். சேகரிப்பவர்கள் ஓடுவது செம்பு நிறம், நீலம், பச்சைக்குப் பின்னால்.

லூயிவில்_மாப்ளே

கிரில் சித்தப்பா கைல இருக்கட்டும், பாட்டில நான் பாத்துக்கறேன் 😄

பாண்டி அண்ணே, பழைய அமெரிக்க பாட்டில் வயசு சொல்றது சுலபம். அரசாங்கமே தடயம் விட்டுட்டுப் போயிருக்கு.

அந்தக் காகிதப் பட்டை வரி கட்டினதுக்கு அத்தாட்சி. பச்சைன்னா ‘பாட்டில்ட் இன் பாண்ட்’, அதாவது அரசாங்கக் கண்காணிப்புல இருந்த சரக்கு, சிவப்புன்னா மத்ததெல்லாம். 1985ல பட்டையையே எடுத்துட்டாங்க. ஸோ ரெண்டு பாட்டிலுமே அதுக்கு முந்தி. அப்புறம் 1980 ஜனவரிலேர்ந்து எல்லாம் மெட்ரிக் அளவு கட்டாயம். ‘4/5 குவார்ட்’னு போட்டிருந்தா அதுக்கும் முந்தி. சிவப்புப் பட்டை பாட்டில் 750 மில்லிங்கறதால 70-களோட கடைசியோ 80-களோட தொடக்கமோ.

அடுத்து கண்ணாடியத் தடவிப் பாருங்க. ‘இந்த பாட்டிலை விற்பதோ திரும்பப் பயன்படுத்துவதோ ஃபெடரல் சட்டப்படி குற்றம்’ங்கற வாசகம் எழும்பின எழுத்துல இருந்தா 1935க்கும் 1964க்கும் நடுவுல. இல்லைன்னா அதுக்கப்புறம். கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாதுங்கற எச்சரிக்கை 1989 கடைசிலதான் வந்துச்சு, உங்களுதுல இருக்காது.

பச்சைப் பட்டைய மட்டும் லைட் வச்சு நல்லா படிங்க. பழைய பச்சைப் பட்டைல எந்த வருஷம் எந்தப் பருவத்துல காய்ச்சினது, எப்ப பாட்டில்ல அடைச்சதுன்னு ரெண்டும் இருக்கும். லேபிள்ல எங்கயாவது ‘டிஎஸ்பி–கேஒய்’னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் இருக்கும், எந்த டிஸ்டிலரி, அதாவது சாராயம் காய்ச்சற ஆலைன்னு அது சொல்லும். அந்த நம்பரச் சொல்லுங்க.

நெல்லை_டல்லஸ்

அண்ணாச்சி, கொடுத்து வச்ச ஆளுய்யா நீரு! எங்க ஊர்ப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வளந்துட்டுன்னு சிட்டிக்குப் புகார்தான் கொடுக்கான்.

கெட்டிலு நல்ல சாமான்தான், இல்லங்கல. ஆனா டெக்சாஸ்ல இருந்துக்கிட்டு பி.கே. கிரில்லப் பத்திச் சொல்லாமப் போனா பாவம் பிடிக்கும். ‘போர்ட்டபிள் கிச்சன்’. ஹில்டன் மெய்க்ஸ்னு ஒருத்தர் இதே டெக்சாஸ்ல 50-கள்ல ஆரம்பிச்சது, பொறவு ஆர்கன்சாஸ்ல லிட்டில் ராக் போய்ச் சேந்துது. முழுக்க வார்ப்பு அலுமினியம். துருங்கிற பேச்சுக்கே இடமில்ல. அம்பது வருசம் மழையில கெடந்தத எடுத்து நான் ஓட்டிக்கிட்டிருக்கேன். கீழ ரெண்டு மேல ரெண்டு வென்ட், நீள்சதுரப் பெட்டி. ஒரு பக்கம் கரி, மறுபக்கம் கறி. மூடிய மூடிட்டா அடுப்பும் அதுதான், ஓவனும் அதுதான்.

ஒக்லஹோமா டல்சால ‘ஹேஸ்டி பேக்’னு இன்னொண்ணு இருக்கு, 1948லேர்ந்து. கரித்தட்ட கைப்பிடியச் சுத்தி மேல ஏத்தி எறக்கலாம், பக்கவாட்டுக் கதவத் தொறந்து கரி போடலாம். அதையும் பழசு தேடுதவன் இருக்கான்.

வடசிகாகோ_பாண்டி

எல்லாருக்கும் நன்றி. துடைச்சுப் பார்த்தேன். மேலயும் கீழயும் எழுத்து எதுவும் இல்ல, காப்புரிமை எண் மட்டும் தெரியுது.

பாட்டில்: கண்ணாடியில அந்த ஃபெடரல் வாசகம் இல்ல. பச்சைப் பட்டையில 1966 வசந்தத்துல காய்ச்சினது, 1972 இலையுதிர்ல அடைச்சதுன்னு இருக்கு. லேபிள் ‘ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்’. நம்பர் டிஎஸ்பி–கேஒய்–16.

லூயிவில்_மாப்ளே

அண்ணே. உக்காந்துட்டுப் படிங்க.

16ங்கறது ஸ்டிட்சல்-வெல்லர். எங்க லூயிவிலுக்கு ஒட்டின ஷைவ்லில 1935 கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் அன்னிக்குத் திறந்த டிஸ்டிலரி. பாப்பி வான் விங்கிள்னு பேரு கேட்டிருப்பீங்களே, அவரோட இடம். அவர் 1965ல போயிட்டாரு, குடும்பம் 1972ல வித்துருச்சு, 1992ல காய்ச்சறதையே நிறுத்தியாச்சு. உங்க பாட்டில்ல இருக்கறது குடும்பம் நடத்தின காலத்துல காய்ச்சி, கை மாறின வருஷம் அடைச்சது.

இவங்க ஸ்பெஷல் என்னன்னா கோதுமை. போர்பன்ல பாதிக்கு மேல, சட்டப்படி 51 சதவீதமாவது, மக்காச்சோளம் இருக்கணும். மீதில முளைகட்டின பார்லி கொஞ்சம், அப்புறம் பெரும்பாலானவங்க ரைங்கற தானியம் போடுவாங்க, மிளகு மாதிரி காரம் வரும். இவங்க ரைக்குப் பதிலா கோதுமை போட்டாங்க. கேரமல், வெண்ணெய், செர்ரி மாதிரி மெத்துன்னு போகும். மேக்கர்ஸ் மார்க் குடிச்சிருந்தா அதுவும் இதே கோதுமை வகைதான்.

‘பாட்டில்ட் இன் பாண்ட்’ 1897 சட்டம். ஒரே டிஸ்டிலரி, ஒரே பருவம், குறைஞ்சது நாலு வருஷம் அரசாங்கக் கண்காணிப்புக் கிடங்குல, சரியா 100 ப்ரூஃப், அதாவது 50 சதவீதம். அந்தக் காலத்துல விஸ்கில புகையிலைச்சாறு, டர்பன்டைன்னு கலந்து வித்துட்டு இருந்தானுங்க. அதுக்காக வந்த சட்டம்.

ஷோகேஸ்_சுந்தர்

இந்த இழையில் யாராவது இதைச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்: அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள்.

அந்த இடத்தில் இனி எவரும் காய்ச்சப் போவதில்லை. ‘ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்’ பெயர் இன்னும் கடையில் இருக்கிறது, ஹெவன் ஹில் நிறுவனத்தார் போடுகிறார்கள், ஆனால் அது வேறு இடத்துச் சரக்கு. திறக்கப்படும் ஒவ்வொரு பாட்டிலும் உலகத்தில் ஒன்று குறைகிறது. லேபிள், பட்டை, திரவ மட்டம் எல்லாம் சேர்ந்து அது ஓர் ஆவணம். கிரில்லுக்கும் இதே பேச்சு. எனாமல் ஓரத்தில் ஒரு சில்லு தெறித்தால் திரும்ப ஒட்ட முடியாது. என்னிடம் உள்ள 70-களின் நீலக் கெட்டிலில் நான் கரி போட்டதே இல்லை. போடவும் மாட்டேன்.

நெல்லை_டல்லஸ்

சுந்தர் தம்பி, அடுப்புல நெருப்பே போடாம வச்சிருக்கதுக்குப் பேரு அடுப்பா? கலர் அடிச்ச பூந்தொட்டிடே அது.

மினசோட்டா_மீனா

சண்டை அப்புறம். பாண்டி சொன்ன மூடி உரியற விஷயத்துக்கு யாருமே இன்னும் பதில் சொல்லலையே.

மூடிக்குள்ள உரியறது பெயின்ட் இல்லைங்க. பல வருஷக் கொழுப்பும் புகையும் கரியாகிப் படிஞ்சது. கெட்டிலுக்கு உள்ளயோ வெளியயோ பெயின்டே கிடையாது, எஃகு மேல கண்ணாடித் தூளை உருக்கி ஒட்டவெச்ச எனாமல். 800 டிகிரி செல்சியஸ் பக்கம் சூளையில போய் வந்தது, உங்க கரி நெருப்புக்கெல்லாம் உரியாது. ஒரு தடவை நல்லா சூடாக்குங்க, வெதுவெதுன்னு இருக்கும்போது அலுமினியத் தாளைக் கசக்கித் தேய்ங்க, கறுப்புச் செதில் மொத்தமும் கையோட வரும். அடம் பிடிக்கிற இடத்துல பிளாஸ்டிக் சுரண்டி. அதே காரணத்துக்காகத்தான் ஸ்ப்ரே வேணாம்ங்கறேன். கண்ணாடி மேல பெயின்ட் நிக்காது, சூடு பட்டா நாறும், சேகரிக்கறவங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க.

வெளிப்பக்கம் பாத்திரம் கழுவற சோப்பும் வெந்நீரும் போதும். பாலிஷ் போட்டா சிவப்பு எழும்பி வரும். மரக் கைப்பிடியைக் கழட்டி லேசா உப்புத்தாள் போட்டு, ஆளி விதை எண்ணெய் ரெண்டு கோட். கம்பி, ஆணி துருவெல்லாம் வெள்ளை வினிகர்ல ஊறப் போடுங்க.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை. சாம்பல் தட்டு அலுமினியமா இருந்தா ஓவன் கழுவற ஸ்ப்ரேயைக் கிட்டயே கொண்டு போகாதீங்க. அதுல இருக்கற காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிச்சுக் கறுப்பாக்கிடும். நெல்லைக்காரர் பி.கே.வுக்கும் இதேதான்.

நான் சைவம், குடிக்கறதும் இல்ல. என்கிட்ட கெட்டில் மட்டும் அஞ்சாறு நிக்குது. கரியில சுட்ட கத்தரிக்காய் கொத்சுக்கு ஈடு கேஸ் அடுப்புல வராது. கத்தரிக்காயை நேரா கரி மேலயே போடணும், கம்பி மேல இல்ல. தோல் முழுக்கக் கறுத்து, காம்புப் பக்கம் குழிஞ்சு, பிளந்த இடத்துல சாறு கொப்புளிச்சு வரும் பாருங்க, அப்ப எடுக்கணும்.

சிகாகோ_சித்தப்பா

மீனா சொன்னது அத்தனையும் சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பழைய வென்ட் தகடுகள் இறுகிப்போயிருந்தால் குறடு வைத்துத் திருகாதீர்கள். ரிவெட் பிய்ந்தால் சுற்றிலும் உள்ள எனாமல் தெறிக்கும். சமையல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒரு ராத்திரி விட்டுவைத்து, மறுநாள் கையால் அசைத்துப் பாருங்கள்.

சுந்தருக்கு ஒரு வார்த்தை. உங்கள் நீலக் கெட்டிலைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் எனாமல் நெருப்பில் கெடுவதில்லை. மூடியைத் தரையில் போடுவதாலும், மழையில் மூடாமல் விட்டுச் சாம்பல் ஈரமாகி அடியில் ஊறுவதாலும்தான் கெட்டில் சாகிறது. வாரம் ஒரு தடவை நெருப்பு கண்ட கெட்டில், கராஜில் ஈரச் சாம்பலோடு மறந்துபோனதைவிட நன்றாக இருக்கும். பாட்டில் விஷயம் வேறு, அதை ஒப்புக்கொள்கிறேன். அது ஒரு தடவைதான்.

ஸ்காபரோ_சிவா

வணக்கம் அண்ணையாக்கள். நான் ரொறன்ரோவில இருந்து எழுதுறன். இஞ்ச பழைய கெட்டில் கிடைக்கிறது பெரிய கஷ்டமில்லை. குப்பை எடுக்கிற நாளுக்கு முதல்நாள் பின்னேரம் ரோட்டோரம் ஒரு சுத்து நடந்தாலே ஒண்டு நிக்கும்.

போர்பன்தான் இப்ப பிரச்சினை. 2025 மார்ச்சில வரிச் சண்டை துவங்கின உடனை ஒன்ராறியோ அரசாங்கக் கடை எல்சிபிஓ அமெரிக்கன் சாமான் எல்லாத்தையும் தட்டில இருந்து தூக்கிப் போட்டினம். வீட்டில இருக்கிற போத்தலை எண்ணி எண்ணிக் குடிக்கிறன் 🙃

எனக்கொரு கேள்வி. அந்த ஜிம் பீம் பீங்கான் போத்தல் என்ரை மாமா வீட்டிலையும் ரண்டு மூண்டு நிக்குது. கார், குருவி, யானை எண்டு உருவம் உருவமாய். உள்ளுக்கை இருக்கிறது குடிக்கலாமோ?

லூயிவில்_மாப்ளே

சிவா அண்ணே, வேண்டாம். அந்தக் காலத்துப் பீங்கான் மெருகுல ஈயம் இருக்கும். பத்துக் கணக்குல வருஷம் ஆல்கஹால் அதுலயே ஊறிக் கிடந்தா ஈயம் உள்ள இறங்கும். போதாததுக்கு தக்கை சுருங்கிப் பாதி ஆவியாப் போயிருக்கும். அலமாரில அழகுக்கு வைங்க. அதெல்லாம் ஒரு காலத்துல சங்கம் வச்சு சேத்தாங்க, ஊர்ல அத்தன பேரும் சேத்ததால இப்ப அதுக்கு மதிப்பே இல்ல. பாண்டி அண்ணனுக்கும் இதான் பதில்.

கண்ணாடி பாட்டில் அப்படி இல்ல. விஸ்கி பாட்டில்ல வயசாகாது. மரத்துல இருக்கற வரைக்கும்தான் வளர்ச்சி. 1972ல அடைச்சது, மூடி சரியா இருந்தா, இன்னிக்கும் ஆறு வயசு போர்பன்தான். கழுத்து வரைக்கும் திரவம் நிக்குதான்னு பாருங்க. தோள்பட்டைக்குக் கீழ இறங்கியிருந்தா காத்து போயிருக்குன்னு அர்த்தம், ருசி தட்டையா இருக்கும்.

பழஞ்சோறு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். சென்னையில் இருந்து படிக்கிறேன். இங்கே கடையில் விஸ்கி என்று விற்பதில் முக்கால்வாசி கரும்புச் சர்க்கரைப் பாகில் காய்ச்சிய சாராயம் கலந்தது. அந்த நாக்கோடு கேட்கிறேன்: போர்பனில் அந்த நிறமும் வெனிலா வாசமும் எதையாவது சேர்ப்பதால் வருகிறதா? அப்புறம் கரி அடுப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் ஒரே ஆட்கள் சேகரிக்கிறார்கள், அதுதான் புரியவில்லை.

லூயிவில்_மாப்ளே

நல்ல கேள்வி தலைவா. போர்பன்ல தண்ணியத் தவிர ஒரு சொட்டு நிறமோ வாசனையோ சேக்கக் கூடாது, சட்டம். நிறம் மொத்தமும் கரிலேர்ந்துதான் வருது. இதுதான் உங்க ரெண்டாவது கேள்விக்கும் பதில்.

புது வெள்ளை ஓக் பீப்பாய். உள்பக்கம் தீ வச்சுக் கருக்கணும். நாலாம் நம்பர் கருக்கல்னா ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மியாத் தீ எரியும். மரம் வெடிச்சுக் கட்டம் கட்டமா முதலைத் தோல் மாதிரி ஆயிடும். பேரே முதலைக் கருக்கல்தான், வைல்ட் டர்க்கி அதுதான் போடுறாங்க. கரி கந்தக நாத்தத்த இழுத்துக்கும். கரிக்குப் பின்னாடி சூட்டுல சிவந்த மரத்துல சர்க்கரையும் வெனிலினும் இருக்கும். கோடைல கிடங்கு காயும்போது சாராயம் மரத்துக்குள்ள போகும், குளிர்ல வெளிய வரும். அந்த மூச்சுதான் ருசி. பீப்பாய்ல ஊத்தும்போது 125 ப்ரூஃபுக்கு மேல போகக் கூடாது. 1962 வரைக்கும் அது 110. பழைய சரக்கு ஏன் கனமா இருக்குங்கறதுக்கு அதையும் ஒரு காரணமாச் சொல்வாங்க. தண்ணி கம்மியாக் கலந்தாப் போதும்ல.

டென்னசிக்காரங்க இன்னும் ஒரு படி மேல. ஜாக் டேனியல்ஸ்ல சர்க்கரை மேப்பிள் கட்டைய அடுக்கி எரிச்சுக் கரியாக்கி, சாராயத்த அது வழியாச் சொட்டுச் சொட்டா இறக்கி, அப்புறம்தான் பீப்பாய்.

போர்பனுக்குப் பீப்பாய் ஒரு தடவைதான். அதனால காலிப் பீப்பாய் ஸ்காட்லாந்துக்குக் கப்பல் ஏறுது. மீதில கொஞ்சம் உடைஞ்சு துண்டாகிக் கிரில்லுக்கு வருது. அந்தத் துண்டு ரெண்டக் கரி மேல போட்டுக் கோழிய மூடி வைங்க, ஏன் ஒரே ஆளு ரெண்டையும் சேக்கறான்னு உங்களுக்கே விளங்கிரும்.

சிகாகோ_சித்தப்பா

கரிக்கும் ஒரு கதை உண்டு, விட மனசில்லை. மளிகைக் கடையில் நாம் வாங்கும் கிங்ஸ்ஃபோர்ட் கரிக்கட்டி ஹென்றி ஃபோர்டின் சொத்தாக இருந்தது. மாடல் டி காருக்குத் தேவையான மரத்துக்காக மிச்சிகனில் அறுவை ஆலை போட்டார். மலையாகக் குவிந்த மரத்தூளையும் துண்டுகளையும் எரித்துக் கரிக்கட்டி ஆக்கி, ஃபோர்ட் கார் விற்கும் கடைகளிலேயே விற்றார்கள். அந்த இடத்தைப் பார்த்துக் கொடுத்தவர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்ட். 1951இல் அவர் பெயரை வைத்தார்கள். ஃபோர்ட் பெயர் போட்ட பழைய கரிப் பைக்குக்கூடச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். காகிதப் பை ஐயா, அதற்கும்!

ஷோகேஸ்_சுந்தர்

சித்தப்பா, அந்தப் பையை யாரும் எரிக்காமல் வைத்திருந்ததால்தானே இன்று உங்களால் பேச முடிகிறது.

பாண்டி, திறப்பதாக இல்லையென்றால் விற்பதைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உரிமம் இல்லாத தனி ஆள் மது விற்பது பெரும்பாலான மாநிலங்களில் சட்டவிரோதம். இணையத்தில் பேரம் பேசி நண்பருக்கு அனுப்புகிறேன் என்று தபாலில் போடுவதும் அப்படியே. கென்டக்கியில் 2017இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2018 தொடக்கத்திலிருந்து உரிமம் உள்ள கடைகளும் பார்களும் தனி ஆட்களிடமிருந்து பழைய பாட்டில்களை வாங்கி விற்கலாம் என்று திறந்துவிட்டார்கள். முறையாக ஏலம் விடும் நிறுவனங்களும் உண்டு. எப்படியானாலும் முதலில் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். போலி பாட்டில்கள் மலிந்துவிட்டன. எங்கிருந்து வந்தது என்ற வரலாறு பாதி மதிப்பு. அந்தப் பெரியவர் ஊரைவிட்டுப் போகும் முன் எப்போது, எந்தக் கடையில் வாங்கினார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

லூயிவில்_மாப்ளே

சுந்தர் அண்ணன் சொல்ற சட்டம் வந்தப்புறம் எங்க ஊர்ல நல்ல விஷயம் ஒண்ணு நடந்துச்சு. 70-கள் சரக்க ஒரு அவுன்ஸ் ரெண்டு அவுன்ஸா ஊத்திக் குடுக்கற பார்கள் வந்துருச்சு. முழு பாட்டிலுக்குச் சொத்த எழுதி வைக்க வேணாம், ஒரு வாய் ருசி பாக்கலாம்.

இவ்ளோ பழைய சரக்கு எப்படி மிஞ்சுச்சுங்கறதும் வேடிக்கை. 70-கள்ல அமெரிக்காவே வோட்கா பக்கம் சாஞ்சுது. போர்பன் தாத்தாக்கள் குடிக்கறதுன்னு ஆயிப் போச்சு. கிடங்கு கிடங்கா தேங்கிருச்சு. 1964ல காங்கிரஸ் தீர்மானம் போட்டு அமெரிக்காவுக்கே உரிய பானம்னு சொன்ன பத்துப் பதினஞ்சு வருஷத்துல இந்தக் கதி. கடைப் பின்கட்டுல தூசி படிஞ்சு கிடந்ததத்தான் பின்னாடி ‘டஸ்டி’ன்னு பேர் வச்சு வேட்டையாடினாங்க. இப்ப எல்லாக் கடையும் துடைச்சு வச்சாச்சு. மிஞ்சினது பாண்டி அண்ணன் பக்கத்து வீட்டு மாதிரி கராஜுகள்தான்.

பாட்டில வச்சுக் காப்பாத்தலாம்னு நெனச்சா, ஒண்ணு சொல்றேன். ஹெவன் ஹில்லுக்கு பார்ட்ஸ்டவுன்ல 1996 நவம்பர்ல தீ பிடிச்சு ஏழு கிடங்கு, தொண்ணூறாயிரம் பீப்பாய் பக்கம் போச்சு. எரிஞ்ச சாராயம் ஆறாட்டம் ஓடுச்சுன்னு பாத்தவங்க இன்னும் பேசுவாங்க. அவ்ளோ காவல் உள்ள இடமே அப்படி. நம்ம கராஜ் எம்மாத்திரம்.

நெல்லை_டல்லஸ்

கேட்டியளா சுந்தர்? தொறக்கச் சொல்லுதாவ!

பாண்டி, கிரில்ல முதல்ல எதப் போடப் போறீரு? என்னக் கேட்டா கோழித் தொடை. மிளகு, சீரகம், பூண்டு, உப்பு அரைச்சு முந்தின நாளே பெரட்டி வைய்யி. கரிய ஒரு ஓரமா ஒதுக்கி, கோழிய மறு ஓரத்துல, மேல் வென்ட் கோழிக்கு நேரா வர்ற மாதிரி மூடிய வைக்கணும். அப்பதான் புகை கோழிய நக்கிக்கிட்டுப் போவும். மூடி வென்ட முழுசாத் தொறந்து வச்சு, சூட்ட கீழ்வென்ட்ல பாத்துக்கிடணும். சும்மா சும்மா மூடியத் தொறந்து பாக்கப்புடாது. கடைசில தோலு மொறுமொறுன்னு ஆக அஞ்சு நிமிசம் நேரா நெருப்புக்கு மேல. கரி பத்த வைக்க சிம்னிக் குழாய் வாங்கிக்கிடும். மண்ணெண்ணெய் மாதிரி அந்தத் திரவத்த ஊத்தினீருன்னா மிளகு மணம் போயி பெட்ரோல் பங்கு மணம்தான் வரும்.

ஸ்காபரோ_சிவா

மிளகுக் கோழிக்குக் கோதுமைப் போர்பன் சரிவராது பாருங்கோ. உறைப்புக்கு மேல இனிப்பு நிண்டால் ரண்டும் மங்கிப் போகும். ரை கூடப் போட்டது, ஓல்ட் கிராண்ட்-டாட், ஃபோர் ரோசஸ் மாதிரி ஏதாவது. அந்தப் பழைய ஃபிட்ஸ்ஜெரால்டைச் சாப்பாட்டோடை வீணாக்காமல் பிறகு தனியா எடுங்கோ.

மினசோட்டா_மீனா

குடிக்கறவங்க அடுப்பை மூடி, மேலயும் கீழயும் வென்டை அடைச்சுட்டு அப்புறம் குடிங்க. மழைன்னு கராஜுக்குள்ள வெச்சும் கரி போடாதீங்க, கதவு திறந்திருந்தாலும்கூட. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது.

வடசிகாகோ_பாண்டி

மூடி உள்பக்கம் மீனா சொன்ன மாதிரியே மொத்தமா உரிஞ்சு வந்துடுச்சு, கீழ கறுப்புக் கண்ணாடி மாதிரி எனாமல். கிரில்லைப் பயன்படுத்தப் போறேன், அதுல மாத்தமில்ல. பெரியவர்கிட்டயும் கேட்டேன். அவங்க அப்பா வாங்கி வெச்சதாம், கடை பேர் ஞாபகமில்லையாம். அவர் ஊருக்குப் போறதுக்கு முந்தி சனிக்கிழமை கோழி போட்டுக் கூப்பிட்டிருக்கேன். பச்சைப் பட்டை பாட்டிலைத் திறக்கிறதா இருந்தா அவர் முன்னாடிதான் திறப்பேன். அவர் வேணாம்னா அப்படியே இருக்கட்டும். சுந்தர் சார் மன்னிக்கணும்.

ஒரே சந்தேகம்: மூடி திருகு மூடி. திறந்தப்புறம் மிச்சத்தை எப்படி வைக்கிறது?

ஷோகேஸ்_சுந்தர்

மன்னிப்பு எதற்கு, பாட்டில் உங்களுடையது. பட்டையைக் கிழிக்காமல் கூரிய பிளேடால் மூடி விளிம்பில் மட்டும் வெட்டுங்கள். காலி பாட்டிலை எனக்குக் கொடுத்தால் தபால் செலவு என்னுடையது. காலி பாட்டிலை வாங்கிப் போலிச் சரக்கு நிரப்பும் கூட்டம் இருக்கிறது, அதனால் முகம் தெரியாதவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

லூயிவில்_மாப்ளே

நிக்க வச்சே வைங்க அண்ணே, படுக்கப் போடக் கூடாது, வைன் இல்ல இது. வெயில் படாத அலமாரி. பழைய திருகு மூடிக்குள்ள இருக்கற அட்டை வட்டம் நஞ்சு போயிருக்கும், அதுலேர்ந்து வாசம் இறங்கும். அதனால முதல் நாளே வேற நல்ல மூடி ஒண்ணு மாத்திருங்க. பாதிக்குக் கீழ வந்ததும் சின்ன பாட்டில்ல விளிம்பு வரைக்கும் நிரப்பி வச்சிருங்க, காத்து எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது. முதல் ஊத்துல கொஞ்சம் பழைய அலமாரி வாசம் அடிச்சா பயப்படாதீங்க, கிளாஸ்ல கால் மணி நேரம் விட்டாப் போயிடும். ஐஸ் போட்டீங்கன்னா மட்டும் நான் சிகாகோ கிளம்பி வந்துருவேன்.